ஒரு கம்பெனி விழுந்தால் பாதி இணையமே ஏன் விழுகிறது?

கேள்வி இதுதான்: சில மாதங்களுக்கு ஒருமுறை ‘உலகம் முழுக்க இணையம் முடங்கியது’ என்று செய்தி வருகிறதே, இது ஹேக்கர்கள் வேலையா? அணுகுண்டு போட்டாலும் தாங்கும் என்று சொல்லப்பட்ட இணையம் இப்படி அடிக்கடி படுத்துக்கொள்வது ஏன்? இதில் சாதாரண ஆள் செய்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?

பதினாறு வருடமாக சர்வர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து உட்கார வேண்டிய வேலை. இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடந்த சில வருடங்களில் தலைப்புச் செய்தியான பெரிய முடக்கங்களில் பலவற்றுக்கும் ஹேக்கர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தந்தக் கம்பெனி தன் கையாலேயே செய்த ஏதோ ஒரு மாற்றம்தான் காரணம். மாற்றம் தப்பாகப் போவது எல்லாத் தொழிலிலும் உண்டு. எங்கள் தொழிலில் அது சில நிமிடங்களில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதைத் திரும்ப எடுக்கத் தேவையான கருவியும் சில சமயம் கூடவே விழுந்துவிடுகிறது.

அணுகுண்டு கதையை முடித்துவிடலாம். 1960களின் தொடக்கத்தில் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பாரன், தாக்குதலில் பல நிலையங்கள் அழிந்தாலும் தகவல் வேறு வழியாகப் போய்ச் சேருகிற வலைப்பின்னலைப் பற்றி ஆராய்ந்தார். இணையத்தின் முன்னோடியாக 1969இல் உயிர்பெற்ற அர்பாநெட் கட்டப்பட்டதோ, அன்றைக்கு அரிதாக இருந்த பெரிய கணினிகளை வெவ்வேறு இடத்து ஆராய்ச்சியாளர்கள் பகிர்ந்துகொள்வதற்காக. இரண்டு கதையும் பிற்பாடு ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆனாலும் ‘தாங்கும்’ என்பது உண்மை. கடலுக்கடியில் போகும் கேபிள்கள் உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 தடவை பழுதாகின்றன. பெரும்பாலும் மீன்பிடிக் கருவிகளும் கப்பல் நங்கூரங்களும்தான் காரணம். அவற்றில் எத்தனையை நாம் உணர்ந்திருக்கிறோம்? தகவல் வேறு வழியைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. சாலை கெட்டியாகத்தான் இருக்கிறது. அதன்மேல் நாங்கள் அடுக்கி வைத்தவைதான் சரிகின்றன.

2021 அக்டோபர் 4 நினைவிருக்கும். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போயின. நடந்தது வழக்கமான பராமரிப்பு வேலை. தங்கள் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில் எவ்வளவு கொள்ளளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுத்தார்கள். அது அத்தனை இணைப்பையும் அறுத்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையை மடக்கிப் பிடிக்கவே ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அதிலும் ஒரு பிழை இருந்ததால் மடக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் என்னை இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் சர்வர் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். அந்த முகவரிக்கு எந்த வழியாகப் போவது என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்வது பிஜிபி. ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள், டேட்டா சென்டரோடு பேச முடியாமல் போனால் ‘எனக்கு உடம்பு சரியில்லை, என்னிடம் வராதீர்கள்’ என்று தம் வழித்தட அறிவிப்பைத் தாமே திரும்பப் பெறும்படி அமைக்கப்பட்டவை. ஒரு சர்வருக்குக் கோளாறு என்றால் இது அருமையான ஏற்பாடு. அன்றைக்கு எல்லா சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போனது. எல்லாமே அறிவிப்பை எடுத்துவிட்டன. ஃபேஸ்புக் என்ற பெயருக்குப் பதில் சொல்ல உலகத்தில் ஆளே இல்லை. பொறியாளர்கள் தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழியும், கோளாறைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருந்த கருவிகளும் அதே நெட்வொர்க்கையும் அதே டிஎன்எஸ்ஸையும் நம்பி இருந்தவை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்த நிலை. ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. நேரில் போனாலும் எளிதில் கை வைக்க முடியாதபடி பாதுகாப்பு போட்ட இயந்திரங்கள் அவை.

எங்கள் அலுவலகத்தில் மறுநாளே ஒரு வேலை செய்தோம். எங்கள் சிஸ்டம் மொத்தமும் போனால் நாங்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவோம் என்று உட்கார்ந்து பார்த்தோம். எல்லோருடைய எண்களும் எங்கள் சிஸ்டத்துக்குள்ளேயே இருந்தன. அன்று மாலையே அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தோம்.

2024 ஜூலை 19இல் நடந்த கிரவுட்ஸ்ட்ரைக் விவகாரம் வேறு ரகம். கம்பெனிகளின் விண்டோஸ் கணினிகளைக் காவல் காக்கும் மென்பொருளைத் தருகிற நிறுவனம் அது. காவல்காரன் என்பதால் கணினியின் அடிமட்ட மையமான கர்னல் வரை அந்த மென்பொருளுக்கு அனுமதி உண்டு. அங்கே தடுக்கி விழுந்தால் கணினியே விழும். புதுத் தாக்குதல்களை அடையாளம் காண அடிக்கடி சின்னச் சின்னக் கோப்புகளை அனுப்புவார்கள். அன்றைக்கு யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி 04:09க்குப் போன ஒரு கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அதைப் படிக்கும் நிரலிடம் இருந்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டிப் போனது; விண்டோஸ் விழுந்துவிட்டது என்று காட்டும் நீலத்திரை வந்தது. 05:27க்கு, அதாவது 78 நிமிடத்தில், கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் விழுந்திருந்தன. உலகத்து விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் விமான நிறுவனம், மருத்துவமனை, வங்கி என்று கைவைக்கக் கூடாத இடங்களில் இருந்த ஒரு சதவீதம்.

திரும்பப் பெற்ற பிறகும் நாள்கணக்கில் இழுத்ததற்குக் காரணம் உண்டு. விழுந்த கணினி இணையத்துக்கு வருவதற்கு முன்பே மறுபடி விழுகிறது. சரியான கோப்பை எப்படி அனுப்புவது? ஒவ்வொரு கணினி முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து, தேவையானவற்றை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் திறந்து, 291 என்ற எண் கொண்ட அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்பு எண்ணை அடிக்க வேண்டும். 48 இலக்கத்தை ஒருவர் வாசிக்க இன்னொருவர் அடித்துப் பாருங்கள், தப்பில்லாமல் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். அதை ஆயிரக்கணக்கான கணினிகளுக்குச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. அவர்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்தவர்கள் இல்லை.

இங்கே என் கருத்து கறாரானது. மென்பொருளின் புதுப் பதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவார்கள். ‘இது வெறும் தரவுக் கோப்புதானே’ என்று நினைக்கிற கோப்பை ஒரே மூச்சில் எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு நடந்ததும் அதுதான். தரவுக்கோப்பும் நிரல் மாதிரியே ஆளைக் கொல்லும். அந்த நிகழ்வுக்குப் பிறகு அவர்களும் இந்தக் கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு வந்தார்கள்.

இந்தப் பாடத்தை எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் 2025 நவம்பர் 18 வந்தது. கிளவுட்ஃபிளேர், ஏராளமான தளங்களுக்கு முன்னால் வாசல் காக்கிற நிறுவனம். வருவது மனிதரா ரோபோவா என்று கண்டுபிடிக்க, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்ற பட்டியலான ஒரு அம்சக் கோப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தயாரித்து எல்லா சர்வருக்கும் அனுப்புகிறார்கள். தரவுத்தளத்தில் அனுமதிகளைச் சீரமைக்கும் நல்ல நோக்கத்தோடு ஒரு மாற்றம் செய்தார்கள். அதனால் தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு வினவல் அதே வரிகளைத் திரும்பத் திரும்பத் தந்தது. கோப்பு இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்தது. படிக்கும் நிரலில் 200 அம்சம்தான் உச்சவரம்பு. வழக்கமாகச் சுமார் அறுபது அம்சம்தான் இருக்கும், யாரும் எட்டாத வரம்பு. அன்றைக்கு அதைத் தாண்டியதும் நிரல் அப்படியே விழுந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தரவுத்தளத்தின் சில பகுதிகளுக்குத்தான் மாற்றம் போயிருந்தது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல கோப்பும் கெட்ட கோப்பும் மாறி மாறி வந்தன. சேவை எழும், விழும், மறுபடி எழும். பார்க்கிறவர்களுக்கு யாரோ வெளியிலிருந்து அடிக்கிற மாதிரியே இருக்கும். அதே நேரத்தில், அவர்கள் சர்வர்களில் இல்லாமல் வெளியே தனியாக வைத்திருந்த, சேவை ஓடுகிறதா என்று காட்டும் நிலைமைப் பக்கமும் தற்செயலாகப் படுத்துவிட்டது. உள்ளே இருந்தவர்களே முதலில் தாக்குதல் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். கேள்வி கேட்டவருக்கு இதைத்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: முதல் ஒரு மணி நேரத்தில் ‘ஹேக்கர்கள்’ என்று வருகிற செய்தியை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியாது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 20, அமேசானின் ஏடபிள்யூஎஸ், அதாவது கிளவுட் எனப்படும் வாடகை சர்வர் சேவை. டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ் பதிவுகளைத் தானியங்கி ஒன்று பார்த்துக்கொள்கிறது. திட்டம் போடுவது ஒன்று, அதைச் செயல்படுத்துபவை தனித்தனியாகச் சில. ஒன்று விழுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். அன்றைக்கு ஒன்று மிகவும் தாமதமாகி, பழைய திட்டத்தைப் புதிய திட்டத்தின் மேல் எழுதிவிட்டது. வேகமாக முடித்த இன்னொன்று, ‘பழைய திட்டங்களைத் துப்புரவு செய்கிறேன்’ என்று அதை அழித்துவிட்டது. பெயர் இருக்கிறது, அதற்கு நேரே முகவரி ஒன்றுகூட இல்லை. சுமார் மூன்று மணி நேரத்தில் பதிவைச் சரிசெய்தார்கள். ஆனால் அந்தச் சேவையை நம்பியிருந்த மற்றவை எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, விட்ட வேலையைத் தொடர முண்டியடித்ததில் வரிசை நின்றுபோனது. மொத்தமாகச் சரியாகப் பதினான்கு பதினைந்து மணி நேரம் பிடித்தது.

டிஎன்எஸ் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடம் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சேவையைப் புது சர்வருக்கு மாற்றினோம். முகவரியை மாற்றி, சோதித்து, எல்லாம் சரி என்று பழைய சர்வரை நிறுத்தினேன். பத்தே நிமிடத்தில் புகார் கொட்டியது. பாதிப் பேருக்கு வேலை செய்கிறது, பாதிப் பேருக்கு இல்லை. இரண்டு திரையைத் திறந்து, இரண்டு வெவ்வேறு டிஎன்எஸ் சர்வர்களிடம், டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் டிக் கட்டளையால் அதே பெயரைக் கேட்டேன். ஒன்று புது முகவரியைச் சொன்னது. மற்றது பழையதைச் சொல்லி, பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டியது: 63412. மறுபடி கேட்டேன், 63405. மறுபடி, 63397. அந்தப் பழைய பதிலை இன்னும் எத்தனை நொடி வைத்திருக்கப் போகிறது என்பதுதான் அந்த எண். பதிவின் ஆயுள் 86400 நொடி, ஒரு முழு நாள் என்று யாரோ எப்போதோ வைத்தது, நான் பார்க்கவில்லை. உலகம் முழுக்கப் பரவிவிட்ட அந்தப் பதிலை என்னால் திரும்பக் கூப்பிட முடியாது. பதினேழு மணி நேரத்துக்கு மேல் பாக்கி. நிறுத்திய சர்வரை உயிர்ப்பித்து, அங்கே வருபவர்களைப் புது இடத்துக்கு அனுப்பும்படி வைத்துவிட்டு அந்த எண் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். அன்றிலிருந்து எந்த மாற்றத்துக்கும் இரண்டு நாள் முன்பே ஆயுளை 300 நொடிக்கு இறக்கிவிடுவேன். மாற்றத்தைச் செய்வதற்கு முன் அதைப் பின்வாங்கும் வழியை எழுதி வைக்காமல் விசைப்பலகையைத் தொடுவதில்லை.

இப்படி ஒவ்வொரு முறையும் ‘யார் அந்த ஆள், வேலையை விட்டுத் தூக்கினார்களா?’ என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் பிடிவாதமான எண்ணம் உண்டு. 2017 பிப்ரவரி 28இல் ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்3 சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணி நேரம் விழுந்தது. சில சர்வர்களை எடுக்கக் கொடுத்த கட்டளையில் ஒரு உள்ளீட்டைத் தவறாக அடித்ததால், நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுவிட்டன. நிலைமையைக் காட்டும் பலகைகூட எஸ்3யை நம்பி இருந்ததால் அதை மாற்ற முடியவில்லை. அதன்பின் அவர்கள் அந்தக் கருவியைத் திருத்தினார்கள்: சர்வர்களை மெதுவாகத்தான் கழற்ற முடியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. அதுதான் சரியான தீர்வு. ஒரு எழுத்துப் பிழையால் உலகத்தை நிறுத்த முடிகிறது என்றால், குற்றவாளி அப்படி ஒரு கருவியைக் கையில் கொடுத்த ஏற்பாடு. ஆளைத் தூக்கினால் அடுத்த தடவை தப்பு செய்தவர் அதை மறைப்பார். எங்களுக்கு வேண்டியது அவர் முதல் நிமிடத்திலேயே ‘நான்தான் செய்தேன், இதுதான் செய்தேன்’ என்று சொல்வது. அந்த ஒரு வாக்கியம் மணிக்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும். மேலே சொன்ன கம்பெனிகள் எல்லாம் தம் தவறை விவரமாக எழுதி வெளியிட்டன. அதனால்தான் நானும் இவ்வளவு சொல்ல முடிகிறது. அந்த வழக்கம் தொடர வேண்டும்.

‘ஏஐ எழுதிய நிரலால்தான் எல்லாம் விழுகிறது’ என்றும் ஒரு பேச்சு. நான் சொன்ன நிகழ்வுகளின் அறிக்கைகளில் அப்படி எதுவும் இல்லை. எனக்கிருக்கும் கவலை வேறு: நிரல் எழுதுவது வேகமாகிவிட்டது, படித்துச் சரிபார்க்கும் கண்கள் அதே எண்ணிக்கைதான்.

கண் என்றதும் 2024 மார்ச் 29 ஞாபகம் வருகிறது. இது உண்மையிலேயே கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்டது. எக்ஸ்இசட் என்பது லினக்ஸில் எங்கும் இருக்கும் சுருக்கும் நிரல். ஊதியம் இல்லாமல் ஒரே ஒருவர் பராமரித்து வந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் யாரோ இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவிகள் செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிக்கும் உரிமையையும் வாங்கி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்துவிட்டார். அது பரவியிருந்தால் உலகத்தில் எத்தனை சர்வர்களின் கதவு திறந்திருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, சர்வருக்குள் நுழைய அரை நொடி அதிகமாகிறதே என்று பார்த்தார். அரை நொடிதானே என்று விடாமல் நூல் பிடித்துப் போனார். கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கம்பெனிகள், தாங்கள் நம்பியிருக்கும் இப்படிப்பட்ட திட்டங்களைப் பராமரிப்பவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நன்றிக் கடிதம் போதாது. என் கம்பெனியில் இதற்காக இரண்டு வருடம் சண்டை போட்டு, நாங்கள் பயன்படுத்தும் மூன்று திட்டங்களுக்கு மாதாமாதம் பணம் போக வைத்திருக்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்வது. ‘இரண்டு கிளவுடில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் அறிவுரை வரும். சின்னக் கம்பெனிக்கு நான் அதைச் சொல்வதில்லை. சிக்கல் இரட்டிப்பாகும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்க மாட்டார். முடக்கத்தைவிட அந்தச் சிக்கலாலேயே அதிகம் விழுவீர்கள். அதைவிட, பேக்கப்பை வேறொரு நிறுவனத்திடம் வைத்து, வருடம் இரண்டு முறையாவது அதிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பாருங்கள்.

தனி ஆளாக என்றால் ஒன்றே ஒன்றை இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் மின்னஞ்சல் கணக்குக்குள் வழக்கமான வழியில் நுழைய முடியாதபோது உதவும் மீட்புக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். மின்னஞ்சல் போனால் மற்ற கணக்குகளுக்குள் போகும் வழியும் போய்விடும். முக்கியமானவர்களின் எண்களையும் அதே தாளில் எழுதுங்கள். பணம் கட்டும் செயலி ஒன்று விழுந்தால் இன்னொரு வழி கையில் இருக்கட்டும்.

அப்புறம், ஏதாவது ஒரு தளம் விழுந்திருக்கும்போது ரீஃப்ரெஷை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் யாரோ சர்வர்களை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருப்பார். 2021இல் ஃபேஸ்புக் திரும்பி வரும்போதுகூட எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிடவில்லை. டேட்டா சென்டர்களின் மின்சாரப் பயன்பாடு பத்துக்கணக்கான மெகாவாட் இறங்கியிருந்தது, அது சட்டென்று ஏறினால் மின் அமைப்புகளே தாங்காது என்று பயந்து, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பாதி எழுந்த சர்வர் மேல் லட்சம் பேர் ஒரே நேரத்தில் ஏறினால் அது மறுபடி படுத்துவிடும். அரை மணி நேரம் வேறு வேலையைப் பாருங்கள்.